சிறுவர்க்கேற்ற புராண நூலைத் தேர்தல்
சேக்கிழார் பெருமான் அருளிய பெரியபுராணத்தைச் சிறுவர்க்காகச் சுருக்கி எழுதிய நூல்கள் பல உள்ளன. அவற்றின் தரத்தை அறியக் கண்ணப்ப நாயனார் வரலாறு ஒன்றே போதும்.

திருக்காளத்தியில் இறைவனின் வலக்கண்ணில் குருதி வழிந்தபோது, திண்ணனார் முதலில் பச்சிலைகளைத் தேடிக் கொணர்ந்து பிழிந்தார். அவை பயன்தராத பின்னரே தம் கண்ணை இடந்து அப்பினார். இடக்கண்ணிலும் குருதி பெருகவே, பார்வையிழந்தபின் இடம் அறியும்பொருட்டுத் தம் காலை அங்கு ஊன்றினார். மறைந்து நின்ற சிவகோசரியாருக்கு அவ்வன்பைக் காட்டவே இறைவன் இதனை நிகழ்த்தினார்.

இக்காரணங்களை விடுத்துக் கண்ணை இடந்ததை மட்டும் கூறும் நூல் குழந்தைக்கு அச்சத்தையே தரும். காரணங்களைக் காத்து, சொல்லை மட்டும் எளிதாக்கிய நூலே அன்பை உணர்த்தும். பெற்றோர் இவ்வொரு பகுதியைப் படித்துப் பார்த்தபின் நூலை வாங்குதல் நலம்.