பழம்பாட்டும் புதுப்பாட்டும்

பாடல் இயற்றுவோன் தன் முதற் பாடலை எழுதுமுன்பே அவன் செவியில் பல பாடல்கள் குடிபுகுந்துவிடுகின்றன. தொட்டிலிற் கேட்ட தாலாட்டு, கோயில் முன்றிலிற் கேட்ட பதிகம், திரும்பத் திரும்பச் சுழலவிட்டுக் கேட்ட இசைத்தட்டு ஆகிய யாவும் அவனுக்கு ஆசிரியர்களே. அடி எங்கே நிற்கவேண்டும், குரல் எங்கே ஏறவேண்டும் என்பதை இலக்கண நூல் சொல்லுமுன் அவை சொல்லிவிடுகின்றன.

இசைத்தட்டின் செல்வாக்கு மிக நுட்பமானது. நிமிடத்திற்கு 78 முறை சுழன்ற பழைய தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்திற்குச் சற்று மேற்பட்ட இசையே அடங்கும். ஆகவே பாடுவோர் விரிவைச் சுருக்கிச் சாரத்தை மட்டும் தந்தனர். அவற்றைக் கேட்டு வளர்ந்த பாடலாசிரியர்கள் அந்தச் சிறிய அளவையே பாட்டின் இயல்பான அளவாகக் கொண்டனர். இவ்வாறு விருப்பமான பழம்பாட்டு, மெட்டை மட்டுமன்றிப் பாட்டின் வடிவத்தையும் கற்பிக்கின்றது. மெட்டை மட்டும் எடுத்துக்கொள்வோன் படியெடுக்கின்றான். வடிவத்தின் காரணத்தை அறிந்துகொள்வோனோ புதிதாகப் படைக்கின்றான். இவ்வேறுபாட்டிற்கு மட்டக்களப்பு வாவிக்கரை சிறந்த சான்று தருகின்றது.

அப்பகுதியில் வடமோடி, தென்மோடி என இருவகைக் கூத்துக்கள் வழங்கி வருகின்றன. கூத்தின் சொற்கள் ஏட்டிலும் கையெழுத்துப் படியிலும் இருக்கும். ஆனால் அச்சொற்களை எந்த இசையில், எந்தத் தாளக்கட்டில் பாடவேண்டும் என்பது அண்ணாவியாரின் தொண்டையிலும் மத்தளத்திலுமே இருக்கும். புதிய கதைக்குப் பாட்டுக் கட்டுவோன், வரவுப் பாட்டு இன்ன நடையில், போர்த் தரு இன்ன விரைவில் என்று பழைய கூத்துக்களிலிருந்தே அளவெடுத்துக்கொள்வான். அண்ணாவியாரே அவ்வூரின் இசைத்தட்டு எனலாம். ஆனால் அந்தத் தட்டு ஓர் ஆயுட்காலமே சுழலும். கற்பாரின்றி அண்ணாவியார் மறைந்தால் ஏட்டிற் சொல் எஞ்சும், இசை எஞ்சாது.

தமிழரின் பழைய யாழுக்கு நேர்ந்த கதி அதுவே. பேரியாழுக்கு 21 நரம்பு, மகரயாழுக்கு 19, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7 என்று உரைநூல்கள் எண்ணிச் சொல்லுகின்றன. ஆனால் அவற்றை மீட்டும் கைகளும் கேட்ட செவிகளும் மறைந்தன. இந்த மௌனத்தைக் கலைக்க முயன்றவர், 1892ஆம் ஆண்டு மட்டக்களப்புப் பிரதேசத்துக் காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் ஆவார். அவருக்கு மிக விருப்பமான பழம்பாட்டு, எவராலும் கேட்க முடியாத பாட்டு. அதன் தடயம் சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில், யாழாசிரியனின் அமைதியைக் கூறும் 25 அடிகளிற் கிடந்தது.

அடிகள் தமிழ்ப் பண்டிதர். அதனோடு இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டதாரியுமாவார். ஆதலின் சொல்லுக்கு உரை கூறுவதோடு அமையாது, நரம்பின் நீளத்தையும் கணக்கிட்டார். ஒரு நரம்பை மூன்றில் இரண்டு பங்காகக் குறுக்கினால் ஐந்தாம் சுரமாகிய இளி பிறக்கும். அவ்வாறே இளிக்கு இளி கண்டு செல்லச் செல்லப் 12 நிலைகள் தோன்றும். குரல் 4, துத்தம் 4, கைக்கிளை 3, உழை 2, இளி 4, விளரி 3, தாரம் 2 என ஏழு சுரங்களும் 22 அலகு பெறும் பழைய வாய்பாடும் இக்கணக்கினாற் பொருள் பெற்றது. ஏறத்தாழப் 14 ஆண்டு உழைப்பின் பயனாக எழுந்த 'யாழ் நூல்' 1947 ஜூன் மாதம் தமிழ்நாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகள் மறைந்தார்.

அந்த ஆராய்ச்சி அடிகளின் கவிதையையும் உருவாக்கியது. மட்டக்களப்பு வாவியில், நிலவெறிக்கும் அமைதியான இரவில், நீரின் கீழிருந்து மெல்லிய இசையொலி எழும். கல்லடிப் பாலத்தருகே தோணியிலிருந்து துடுப்பின் ஒரு முனையை நீரில் வைத்து, மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பது வழக்கம். 1848இல் அதனைக் கேட்ட எமர்சன் தெனந்து என்னும் ஆங்கில அதிகாரி தம் நூலில் விவரித்துள்ளார். மீன் பாடுகின்றது என்பர் பலர். ஊரி என்னும் சிப்பியுயிரின் ஒலி என்பர் சிலர். விபுலாநந்தரோ அதனை நீரரமகளிர் பாடும் இசையாகக் கற்பித்துச் செய்யுள் செய்து யாழ் நூலிலே அமைத்தார். வாவியின் ஒலி எல்லாச் செவிகளிலும் விழுந்ததுதான். பழந்தமிழரின் ஏழிசையில் ஊறிய செவிக்கே அது பாட்டாகக் கேட்டது. வாவி பொருளைத் தந்தது. பழம்பாட்டு அதனைக் கேட்கும் செவியைத் தந்தது.

பின்னர் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை நவீன அரங்கிற்குக் கொணர்ந்தபோதும் இம்முறையே பின்பற்றப்பட்டது. 'கர்ணன் போர்' 1962இலும், 'இராவணேசன்' 1964இலும் மேடையேறின. பிந்தியதை எழுதியவர் அப்போது மாணவராயிருந்த மட்டக்களப்பு சி. மௌனகுரு. விடியும்வரை ஆடிய கூத்தின் நீளம் குறைந்தது. தோல்வியை அறிந்தே போருக்குச் செல்லும் இராவணனின் உள்ளம் முன்னின்றது. ஆட்டமும் தாளமும் பழைய களரிக்குரியன. எழுந்த நாடகமோ புதியது.

ஆகவே பழைய ஒலிகளைப் பேணுதல் பழமைப்பற்று மட்டுமன்று. நாளைய பாட்டுக்கு விதைநெல் வைப்பதாகும். அழிந்த யாழின் ஓசையை 25 அடிகளிலிருந்து மீட்க ஓர் அறிஞரின் வாழ்நாள் வேண்டியிருந்தது. வாழும் அண்ணாவியாரின் பாட்டையோ ஓர் இரவில் ஒலிப்பதிவு செய்துவிடலாம். அவர் அருகிருந்து கற்க ஒரு மாணவனை அனுப்பிவிடலாம். பதிவு ஓசையைக் காக்கும்; அந்த ஓசையிலிருந்து அடுத்த பாட்டைக் கட்டுவோன் அம்மாணவனே.