சிக்னல் யாரை எண்ணுகிறது?

நகரச் சந்திப்பு ஒன்றில் பச்சை விளக்கு எத்தனை வினாடி எரிய வேண்டும் என்பது நேரத்தைப் பங்கிடும் கணக்கு; ஒரு சாலைக்குக் கொடுக்கப்படும் ஒவ்வொரு வினாடியும் குறுக்குச் சாலையில் நிற்போரிடமிருந்தோ, கடப்பதற்காக நடைபாதை ஓரத்தில் காத்திருப்போரிடமிருந்தோ எடுக்கப்பட்டதே. விளக்குகள் எல்லாத் திசைகளுக்கும் முறை கொடுத்துவிட்டு முதல் திசைக்குத் திரும்ப எடுத்துக்கொள்ளும் காலத்தைச் சுற்று நேரம் என்பர். ஒரு திசையின் ஓட்டம் நின்று மறுதிசை நகரத் தொடங்கும்போதெல்லாம் சில வினாடிகள் எவருக்கும் பயனின்றிக் கழிவதால், சுற்று நீண்டால் அந்த இழப்பு குறையும். ஆனால் சிவப்பில் நிற்போரின் காத்திருப்பு கூடும். இரண்டுக்கும் நடுவே சராசரித் தாமதம் மிகக் குறையும் சுற்று நேரத்தைக் காட்டும் சூத்திரத்தை பிரிட்டனின் சாலை ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த எஃப். வி. வெப்ஸ்டர் 1958இல் வெளியிட்டார். பொறியியல் வகுப்புகளில் இன்றும் கற்பிக்கப்படும் அச்சூத்திரம் குறைக்க முனைந்தது வாகனங்களின் தாமதத்தை மட்டுமே.

காலை, நண்பகல், மாலை என்று முன்கூட்டியே வகுத்த நேரப் பட்டியல்படி இயங்கும் சிக்னல்களுக்கு, பட்டியல் வகுக்கப்பட்ட நாளின் போக்குவரத்தே தெரியும். கடைத்தெரு இடம் மாறினாலும் புதிய குடியிருப்பு முளைத்தாலும் அவற்றுக்குத் தெரியாது. இத்தகைய பட்டியல்களின் பயன் ஆண்டுக்கு ஏறத்தாழ 3 விழுக்காடு தேய்கிறது என்று பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 1980களில் மதிப்பிட்டனர். இக்குறையைப் போக்க அந்நாட்டின் ஆய்வுக்கூடம் 1970களில் கிளாஸ்கோ நகரச் சாலைகளில் சோதித்து உருவாக்கிய முறையே ஸ்கூட். வாகனம் மேலே செல்வதை உணரும் கம்பிச் சுருள்களைச் சாலையின் மேற்பரப்புக்குக் கீழே, சந்திப்பிலிருந்து வெகுதூரம் முன்னதாகவே பதித்துவிடுவதால், எத்தனை வாகனங்கள் எப்போது நிறுத்தக் கோட்டை வந்தடையும் என்று கணினியால் முன்னரே கணிக்க முடிகிறது. விளக்கு மாறுவதற்குச் சில வினாடிகள் முன்பு, அந்த மாற்றத்தை நான்கு வினாடி வரை முன்தள்ளுவதா, பின்தள்ளுவதா, அப்படியே விடுவதா என்று அது முடிவு செய்கிறது. அடுத்தடுத்த சந்திப்புகளில் பச்சை தொடங்கும் நேரங்களுக்கு இடையிலான வேறுபாட்டைச் சுற்றுக்கு ஒரு முறையும், சுற்று நேரத்தைச் சில நிமிடங்களுக்கு ஒரு முறையும் இதேபோலச் சிறிது சிறிதாகத் திருத்துகிறது. பெரிய மாற்றத்தைத் திடீரென்று செய்தால் சீராக ஓடிக்கொண்டிருக்கும் வாகன வரிசைகள் குலையும் என்பதே இந்த நிதானத்துக்குக் காரணம். ஏறத்தாழ அதே காலத்தில் சிட்னியில் உருவான ஸ்காட்ஸ் முறை சுருள்களை நிறுத்தக் கோட்டருகிலேயே பதித்து, கொடுத்த பச்சை எவ்வளவு பயன்பட்டது என்பதை அளந்து அடுத்த சுற்றைத் தீர்மானிக்கிறது.

இவ்விரு முறைகளின் திறமையையும் மறுப்பதற்கில்லை. ஆயினும் எதை உணரும் கருவி இருக்கிறதோ அதைத்தான் கணினி எண்ணும். நடந்து செல்வோருக்கு இருந்தது கம்பத்தில் பொருத்திய ஒரு பொத்தான் மட்டுமே; அதை ஒருவர் அழுத்தினாலும், ரயில் நிலையத்திலிருந்து வெளியேறிய அறுபது பேர் பின்னால் நின்றாலும் கணினிக்குக் கிடைப்பது ஒரே ஒரு கோரிக்கை. வாகன நெரிசல் மிகும்போது சுற்று நேரம் நீள்வதால் அந்த அறுபது பேரின் காத்திருப்பும் கூடவே நீள்கிறது. காத்திருப்பு 30 வினாடியைத் தாண்டினால் நடப்போர் பொறுமையிழக்கிறார்கள் என்று அமெரிக்காவின் நெடுஞ்சாலைக் கொள்திறன் கையேடு கூறுகிறது. சிவப்பில் ஓடிக் கடப்பவரை ஒழுக்கமற்றவர் என்று கண்டிப்பது எளிது. அதில் சிக்னலை அமைத்தவரின் பங்கும் உண்டு.

இந்தக் குறை மெல்லத்தான் உணரப்பட்டது. பிரிட்டனில் 1990களில் பரவிய பஃபின் கடவைகளில் ஓர் உணர்கருவி நடைபாதை ஓரத்தைக் கவனிக்கிறது. பொத்தானை அழுத்தியவர் இடைவெளி கிடைத்து முன்பே கடந்துவிட்டால் கோரிக்கையை நீக்கிவிடுகிறது. மற்றொன்று கடவையைக் கவனித்து, இன்னும் எவரேனும் நடந்துகொண்டிருந்தால் வாகனங்களுக்கான சிவப்பை நீட்டிக்கிறது. லண்டன் போக்குவரத்து அமைப்பு 2014இல் பால்ஹம் உள்ளிட்ட சுரங்க ரயில் நிலையங்களின் அருகே சோதித்த முறை இன்னும் ஒரு படி மேலே சென்று, காத்திருப்போர் எத்தனை பேர் என்பதைக் கேமரா வழியே மதிப்பிட்டு, கூட்டம் பெரிதானால் நடப்போருக்கான பச்சையையும் நீட்டித்தது.

எண்ணிக்கையோடு வேகமும் பொருட்படுத்தத்தக்கது. பிரிட்டனில் நடப்போரின் வேகம் வினாடிக்கு 1.2 மீட்டர் என்று கொள்வது வழக்கம். அவ்வேகத்தில் 20 மீட்டர் அகலச் சாலையைக் கடக்க 17 வினாடி போதும். வினாடிக்கு 0.8 மீட்டர் நடக்கும் முதியவருக்கோ 25 வினாடி தேவைப்படுவதால், சராசரிக்கு வகுத்த பச்சை அவரை நடுச்சாலையில் நிறுத்திவிடும். எல்லோருக்கும் நேரத்தைக் கூட்டாமல், தேவைப்படுவோருக்கு மட்டும் கூட்டும் வழியைச் சிங்கப்பூர் 2009இல் சோதிக்கத் தொடங்கியது: முதியோர் தம் சலுகைப் பயண அட்டையைக் கம்பத்திலுள்ள கருவியில் காட்டினால், சாலையின் அகலத்துக்கேற்ப 3 முதல் 13 வினாடி வரை கூடுதலாகக் கிடைக்கும்.

இந்தியச் சாலைகளில் சிக்கல் வேறு வகையானது. கம்பிச் சுருள் முறை வாகனங்கள் தத்தம் தடத்தில் வரிசையாக வரும் என்ற எதிர்பார்ப்பின் மேல் நிற்கிறது. இருசக்கர வண்டியும் ஆட்டோவும் பேருந்தும் கிடைத்த இடைவெளியில் கலந்து நகரும் சாலையில் அந்த எதிர்பார்ப்பு பொய்க்கிறது. ஆகவேதான் திருவனந்தபுரத்திலுள்ள சி-டாக் நிறுவனம் இத்தகைய கலப்புப் போக்குவரத்துக்கென்றே காசிகாஸ்ட் என்னும் முறையை வகுத்தது. பெங்களூரு அதைப் பயன்படுத்துகிறது. ஆனால் கலந்து வரும் வாகனங்களை எண்ணுவதற்குச் செலவிடப்படும் அறிவு, அவற்றின் நடுவே கையை நீட்டிக் கடப்பவரை எண்ணுவதற்கு இன்னும் போதுமான அளவு செலவிடப்படவில்லை என்றே சொல்ல வேண்டும்.

லண்டனில் 2021 முதல் தேர்ந்தெடுத்த சில கடவைகளில் இயல்பு நிலையே தலைகீழாக்கப்பட்டுள்ளது. அங்கே எப்போதும் எரிவது நடப்போருக்கான பச்சை. வாகனம் வருவதைக் கருவி உணர்ந்து கோரிய பிறகே அது சிவப்பாகிறது. பேருந்துகள் மட்டுமே பெரும்பாலும் செல்லும் சாலைகளில் அமைந்த இக்கடவைகளில் வாகனங்களுக்குப் பெரிதாகத் தாமதம் ஏற்படவில்லை என்று அந்நகரின் போக்குவரத்து அமைப்பு அறிவித்தது. பொத்தானை அழுத்தி அனுமதி கேட்கும் பொறுப்பு அங்கு வாகனத்துக்கு மாறிவிட்டது.