கம்பியில்லாமல் நிற்கும் பாலம்

கல்முனைக்கு ரயில் பாதை இல்லை. நமக்குக் கோச்சி என்றால் மட்டக்களப்புக்குத்தான் போகவேண்டும். ஆனாலும் மொனராகலை, வெல்லவாய வழியாக எல்லவுக்குச் சுற்றுலா போகிற நம் ஊர்க் குடும்பங்கள் தெமோதரையின் ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்க்காமல் திரும்புவதில்லை. படம் எடுத்து முடிந்ததும் சற்று நின்று அதன் அமைப்பையும் பார்க்கவேண்டும்.

கொழும்பிலிருந்து மலையேறிய பாதை 1867இல் கண்டியையும் 1885இல் நானுஓயாவையும் 1894இல் பண்டாரவளையையும் அடைந்தது. விக்டோரியா மகாராணி காலத்தில் தொடங்கிய அந்த வேலை 1924இல் பதுளையில் முடிந்தது. இடையில் ஒரு பள்ளத்தாக்கைக் கடக்க 1921இல் கட்டி முடிக்கப்பட்டதுதான் இந்தப் பாலம். நீளம் சுமார் 300 அடி, உயரம் சுமார் 80 அடி.

முதலாம் உலகப்போரில் உருக்கெல்லாம் யுத்தத்துக்குப் போய்விட்டதால் கல்லாலும் செங்கல்லாலும் கட்டினார்கள் என்று சொல்வார்கள். இலங்கைப் பொறியியற் சங்கம் 1923இல் வெளியிட்ட விவரணமோ இதைக் கொங்கிறீட் பாலம் என்கிறது. எப்படியானாலும் வளைவுக்கு உருக்குக் கட்டாயமில்லை.

கல்லும் கொங்கிறீட்டும் அமுக்கினால் தாங்கும், இழுத்தால் வெடிக்கும். நேரான பீமின் மேல் பாரம் ஏறினால் அதன் அடிப்பக்கம் இழுபடும். மேசன்மார் வீட்டு பீமுக்குள் கம்பி கட்டுவது அதற்காகத்தான். வளைவிலோ பாரம் பக்கவாட்டில் பிரிந்து, வளைந்த உடல் வழியே தூணுக்கு இறங்குகிறது. வழிநெடுக நடப்பது அமுக்கம்தான்.

அந்தப் பாரம் வளைவின் இரு கால்களையும் வெளியே தள்ளவும் செய்யும். நடுத்தூண்களில் இருபக்க வளைவுகளின் தள்ளுதலும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். இரு அந்தங்களிலும் எஞ்சும் தள்ளுதலை மலையே வாங்கிக்கொள்கிறது. வளைவு பூட்டும்வரை தானாக நிற்காது என்பதால் அதுவரை அடியில் சாரம் கொடுத்துத் தாங்கவேண்டும்.

பாலத்தின் மேல் தண்டவாளம் திரும்பிச் செல்வதையும் கவனியுங்கள். நீண்ட, நேரான இரும்புப் பீம்களால் அந்தத் திருப்பத்தைப் பின்தொடர்வது சிரமம். சிறு வளைவுகள் ஒன்பதை ஒவ்வொன்றாகச் சற்றுத் திருப்பி வைத்தால் பாதையோடு பாலமும் திரும்பிவிடும். இங்கிலாந்தில் 1870களில் 24 வளைவுகளோடு எழுந்த ரிபிள்ஹெட் பாலமும் இதே கணக்கில்தான் நிற்கிறது.

அடுத்த முறை போகும்போது பிள்ளைகளைத் தண்டவாளத்தில் நிறுத்திப் படம் எடுக்காதீர்கள். அதில் ரயில் ஓடுகிறது. கீழே இறக்கிக் காட்டி, ரயிலின் பாரம் எந்த வழியாக நிலத்துக்கு வருகிறது என்று கேளுங்கள். பௌதிகப் புத்தகத்தில் விளங்காதது அங்கே விளங்கும்.