ஆம்பியர் கூடினால் ஆட்டம் அம்பேல்

செம்பரம்பாக்கத்தில் அக்கா வீட்டு மாடியறையில் ஒரு பின்பால் மேசை நிற்கிறது. பிளைவுட் பெட்டி, அதன்மேல் படுக்கவைத்த பழைய டிவி, உள்ளே ஒரு கம்ப்யூட்டர். பந்து உருள்வது திரையில்தான். ராண்டி டேவிஸ் 2000-இல் வெளியிட்ட ‘விஷுவல் பின்பால்’ மென்பொருளின் வழிவந்த ஆட்டம் இது. கைக்குத் தட்டுப்படுபவை பெட்டியின் இரு பக்கப் பட்டன்கள் மட்டுமே. அழுத்தினால் திரையில் ஃபிளிப்பர் என்ற துடுப்பு எழுந்து பந்தைத் தட்டும்.

மழைக்காலம் முடிந்ததும் வலது ஃபிளிப்பர் முரண்டு பிடித்தது. சில அழுத்தங்களுக்கு அசையவே இல்லை. அக்கா மகன் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மின்னணுக் கடைகளுக்குப் போய், பட்டனுக்குப் புது சுவிட்ச் வாங்கி வந்தான். “கெட்டியான மைக்ரோசுவிட்ச், மாமா. 15 ஆம்பியர் தாங்குமாம்” என்றான். கொஞ்ச நாள் நன்றாக ஓடியது. பிறகு பழைய கதைதான்.

வில்லங்கமே அந்த 15 ஆம்பியரில் இருக்கிறது. வீட்டு மேசையில் பட்டன் எந்த மோட்டாரையும் ஓட்டுவதில்லை. ‘அழுத்தியாச்சு’ என்று ஒரு சின்ன மின்னணுப் பலகைக்குச் சொல்வதோடு அதன் வேலை முடிந்தது. 5 வோல்ட், 10 ஆயிரம் ஓம் மின்தடை என்றால் ஓடும் மின்னோட்டம் அரை மில்லி ஆம்பியர். பெரிய சுவிட்ச்சின் தொடுமுனை பொதுவாக வெள்ளிக் கலவை. கொலுசு கறுப்பதைப் போலவே அதுவும் காற்றிலுள்ள கந்தகத்தால் கறுக்கும்; ஈரப்பதம் அதை விரைவுபடுத்தும். பெரிய மின்னோட்டத்தை முறிக்கும்போது எழும் பொறி அந்தப் படலத்தை எரித்துவிடும். அரை மில்லி ஆம்பியருக்கு அந்தத் திராணி ஏது? சுவிட்ச் மூடும், மின்சாரம் பாயாது. எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று எல்லோரும் பார்க்கிறோம். குறைந்தபட்சம் எவ்வளவு வேண்டும் என்று விவரத்தாளில் இன்னொரு வரி இருப்பதை யாரும் படிப்பதில்லை.

பழைய நிஜ மேசைகளில் நிலைமை நேர் எதிர். 1947-இல் காட்லீப் நிறுவனத்தின் ‘ஹம்ப்டி டம்ப்டி’யில் ஹாரி மாப்ஸ் ஃபிளிப்பரைக் கொண்டுவந்தார். அதை இயக்கும் கம்பிச்சுருளின் பல ஆம்பியர் மின்னோட்டம் நெடுங்காலம் பட்டன் தகடுகள் வழியாகவே பாய்ந்தது. சுருளை அணைக்கும்போது பொறி பறக்கும். அதனால் 3,400 டிகிரி தாண்டினால்தான் உருகும் டங்ஸ்டனில் முனை வைத்தார்கள். கரி பிடித்தால் அரத்தால் தேய்த்துக்கொண்டார்கள். 1990-களின் தொடக்கத்தில் வில்லியம்ஸ் நிறுவனம் சுருளின் பொறுப்பை மின்னணுப் பலகையிடம் ஒப்படைத்தது. பட்டனுக்குச் செய்தி சொல்லும் வேலை மட்டும் மிஞ்சியது; முனை தங்கத்துக்கு மாறியது. தங்கம் கறுக்காது. அரத்தால் தேய்த்தால்தான் வினை, பூச்சு போய்விடும்.

இதற்குச் சான்று தேடி அமெரிக்கா போக வேண்டாம். செம்பரம்பாக்கத்தைத் தாண்டி அதே பெங்களூரு நெடுஞ்சாலையில் போனால் ஸ்ரீபெரும்புதூர். 2006 முதல் 2014 வரை நோக்கியா ஆலை அங்கே கோடிக்கணக்கில் போன்களைத் தயாரித்தது. பட்டன் போன்களின் விசைக்குக் கீழே, குமிழாக வளைந்த சின்ன உலோகத் தகடு இருக்கும். அது அமுங்கித் தொடும் இடத்தில் பெரும்பாலும் மெல்லிய தங்கப் பூச்சு. குப்பைக்குப் போன போன்களைத் தேடி வாங்குபவர்களுக்கு இது தெரியும்.

ஆக, மருமகனுக்கு வேண்டியது தங்க முனை வைத்த தகட்டு சுவிட்ச். மைக்ரோசுவிட்ச்சை விட இதற்கு இன்னொரு வசதியும் உண்டு. மைக்ரோசுவிட்ச்சில் ஸ்பிரிங் ‘டிக்’கென்று தாவும், சேரும் இடம் ஒன்று, விடும் இடம் வேறு. தகட்டில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. விரலை மயிரிழை தளர்த்தினாலே ஃபிளிப்பர் இறங்கும். இடைவெளி பிடிக்கவில்லையா, இடுக்கியால் தகட்டைக் கொஞ்சம் வளைத்தால் போதும். இரண்டடுக்குத் தகடு வைத்தால் பாதி அழுத்தத்தில் கீழ் ஃபிளிப்பர், முழு அழுத்தத்தில் மேல் ஃபிளிப்பரும் சேர்ந்து எழும். தேர்ந்த ஆட்டக்காரர்கள் இதற்காகவே உயிரை விடுவார்கள்.

எந்தத் தகடும் மோதியதும் உடனே அடங்காது. சில மில்லி விநாடிகள் துள்ளும். ஒரே அழுத்தம் பல அழுத்தங்களாகத் தெரியும். துள்ளல் ஓயும்வரை காத்திருந்து செய்தி அனுப்பினால் ஆட்டம் தாமதப்படும். முதல் தொடுகையிலேயே அனுப்பிவிட்டு, அடுத்த சில மில்லி விநாடிகளுக்குக் காதைப் பொத்திக்கொள்வதே கெட்டிக்காரத்தனம். இவ்வளவு கறார் எதற்கு? பந்து விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் வருவதாக வைத்துக்கொள்வோம். 16 மில்லி விநாடியில் 32 மில்லிமீட்டர் போய்விடும். பின்பால் பந்தின் விட்டமே 27 மில்லிமீட்டர்தான்.

திரை 60 ஹெர்ட்ஸ் என்றால் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே கிட்டத்தட்ட அதே 16 மில்லி விநாடிதான். டிவி படத்தை மெருகேற்றுகிறேன் என்று உட்கார்ந்தால் தாமதம் இன்னும் கூடும். சுவிட்ச்சுக்குக் காசு கொடுப்பதற்கு முன் டிவியின் மெனுவில் ‘கேம் மோடு’ இருக்கிறதா என்று பார்த்துவிடச் சொன்னேன். அதற்குச் செலவே இல்லை.