சிறையில் உருவான ஆணழகர்

சென்ற மாதம் ஒரு மாலை, தென்னூர் உழவர் சந்தைப் பக்கமாக நாம் நடந்து வருகையில், நம் பங்கைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் எதிர்ப்பட்டார். தோள்கள் திரண்டிருந்தன, முகமோ வாடி, உதடுகள் வெடித்திருந்தன. "காய்ச்சலா, தம்பி?" என்று வினவினோம். "இல்லை, சாமி. ஞாயிற்றுக்கிழமை ஆணழகன் போட்டி. இரண்டு நாளாகத் தண்ணீரைக் குறைத்துவிட்டேன்" என்றார். கையோடு அவரைப் பங்கு இல்லத்திற்கு அழைத்து வந்து, ஒரு சொம்பு நீரை முன்னால் வைத்துக்கொண்டு, மனோகர் ஐச் என்ற வங்காளியின் கதையைச் சொல்லத் தொடங்கினோம்.

1912-இல், இன்று வங்காளதேசத்தில் உள்ள கொமில்லாப் பகுதிச் சிற்றூரொன்றில் பிறந்தவர் அவர். பன்னிரண்டாம் வயதில் கருங்காய்ச்சல் கண்டு, எலும்பும் தோலுமானார். தண்டாலும் பஸ்கியுமே அவரைத் தேற்றின. வளர்ந்தபின் மந்திரவாதி பி. சி. சர்க்காரின் குழுவில் சேர்ந்து, இரும்புக் கம்பியைப் பல்லால் வளைத்துக் காட்டிப் பிழைத்தார். 1942-இல் ஆங்கிலேயரின் விமானப் படையில் சேர்ந்தார். அங்கே மார்ட்டின் என்ற அதிகாரி பளு தூக்கும் பயிற்சியை அவருக்கு அறிமுகப்படுத்தினார். ஆனால் வேறோர் ஆங்கிலேய அதிகாரி இந்தியரை இழித்துப் பேசவே, ஐச் அவரைக் கன்னத்தில் அறைந்துவிட்டார். பரிசாகக் கிடைத்தது சிறைவாசம்.

சிறையில் கர்லாக்கட்டை ஏது, பளு ஏது? தம் உடலின் எடையையே பளுவாகக் கொண்டார். சில நாட்களில் பன்னிரண்டு மணி நேரம் வரை பயின்றதாக அவரே பின்னாளில் கூறியிருக்கிறார். அதைக் கண்டு வியந்த சிறை அதிகாரிகள் அவருக்குத் தனியுணவு அளித்தனர். நாடு விடுதலை பெற்றபோது வெளியே வந்தார். வயிற்றுப்பாட்டிற்குச் சியால்டா ரயில் நிலையத்தில் இளநீர் விற்றார்.

1951-இல் லண்டனில் நடந்த 'மிஸ்டர் யுனிவர்ஸ்' போட்டியில் அவருக்கு இரண்டாமிடமே கிட்டியது. அவர் சோர்ந்து ஊர் திரும்பவில்லை. அங்கேயே பிரிட்டிஷ் ரயில்வேயில் வேலை தேடிக்கொண்டு, ஓராண்டு பயின்று, 1952-இல் குள்ளமானவர்களுக்குரிய பிரிவில் பட்டத்தை வென்றார். அவர் உயரம் நான்கடி பதினோரங்குலம்! உணவோ சோறு, பருப்பு, மீன், காய்கறி, பால். பழைய சோற்றின் பெருமையை அவர் பேசியதுபோல் நம்மூர்ப் பாட்டிமார்கூடப் பேசியதில்லை.

இனி, இக்காலத்தார் போட்டிக்கு ஆயத்தமாகும் முறையைப் பார்ப்போம். முதலில் பல மாதங்கள் நிறைய உண்டு தசையைப் பெருக்குவார்கள். பின்னர் உணவைக் குறைத்துக் கொழுப்பைக் கரைப்பார்கள். அப்போதுதான் தசையின் வரிகள் தெளிவாகத் தெரியும். இதுவரை பெரிய குற்றமில்லை. கடைசி நாட்களில்தான் விபரீதம். தோல் தசையோடு ஒட்டித் தெரிய வேண்டுமென்று உப்பையும் நீரையும் நிறுத்துகிறார்கள்; சிலர் சிறுநீரைப் பெருக்கும் மாத்திரைகளையும் விழுங்குகிறார்கள். குருதியிலுள்ள உப்புச் சத்துக்களின் அளவு பிறழ்ந்தால் இதயத்தின் துடிப்பே தடுமாறிவிடும். 1992-இல் முகம்மது பெனாசிசா என்ற புகழ்பெற்ற வீரர், ஹாலந்தில் மேடையிலிருந்து இறங்கிய சில மணி நேரத்தில் மாண்டது இத்தகைய மாத்திரைகளால்தான். தசை வளர்க்கும் ஊசிகளோ ஈரலையும் இதயத்தையும் கெடுப்பதோடு, பிள்ளைப்பேற்றுக்கும் ஊறு செய்பவை. இளைஞர்களை மட்டும் குறை கூறுவானேன்? மகன் குளியலறைக் கண்ணாடி முன் நிற்பதைக் கண்டு நகைக்கும் பெற்றோர், அவன் பையில் என்ன மருந்து இருக்கிறதென்று பார்ப்பதில்லை.

ஐச் தம் 89-ஆம் வயது வரை மேடையேறினார். 2016-இல், 104-ஆம் வயதில், கொல்கத்தாவில் காலமானார்.

கதை முடிந்ததும் இளைஞர் சொம்பை எடுத்து, பாதியளவு பருகினார். மீதியை நாம் வற்புறுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவருக்குப் பரிசு கிடைக்கவில்லை. மறுவாரம் அவருடைய அன்னையார் நம்மைத் தேடி வந்தார். "காலையில் பழைய சோறு வேண்டுமென்கிறான், சாமி. இதுவும் ஏதாவது மருந்துப் பழக்கமா?" என்று கேட்டார்.