மோக்கா: சாக்லேட் ஒட்டிக்கொண்ட ஊர்ப்பெயர்

காபிக் கடையில் மோக்கா கேட்டால் எஸ்பிரஸ்ஸோ, பால், சாக்லேட் மூன்றும் கலந்து தருவார்கள். சாக்லேட் இந்தப் பெயரோடு சேர்ந்தது மிகப் பிந்தித்தான். மோக்கா என்பது ஏமன் நாட்டில், பாப் எல் மண்டப் நீரிணைக்குச் சற்று வடக்கே, செங்கடல் ஓரம் இருக்கும் ஒரு துறைமுகம்.

காபி விளைந்தது அந்த மணற்கரையில் அல்ல. உள்நாட்டு மலைகளில் கல் அடுக்கிக் கட்டிய படி வயல்களில் விளைந்தது. பழத்தைத் தோலோடு வெயிலில் காயவைத்து, பைத் அல் ஃபகீஹ் சந்தையில் விலைபேசி, ஒட்டகத்தில் ஏற்றிக் கடற்கரைக்கு அனுப்பினார்கள். 17-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் மோக்காவில் பண்டகசாலை வைத்திருந்தார்கள். குஜராத்தி வணிகர்கள் தரகு பார்த்தார்கள். கப்பல் ஏறிய ஊரின் பெயரே சரக்குக்கும் பெயரானது. ஹராஸ், பனீ மதர் என்ற மலைகளின் பெயர்கள் பின்னுக்குப் போயின. பாடுபட்டவர்களின் ஊர் மறைந்து, ஏற்றுமதி செய்த ஊர் புகழ்பெற்றது இன்றும் என் மனத்தை உறுத்துகிறது.

சூஃபி ஞானி பாபா புடன் சிக்கமகளூர் மலைக்குக் கொண்டுவந்த ஏழு விதைகளும் மோக்காவிலிருந்து வந்தவை என்பது வழிவழிச் செய்தி. அப்படிப் பார்த்தால் நம் வீட்டு டிகாக்ஷனுக்கும் அது பூர்விகம்.

1690-களில் டச்சுக்காரர் ஜாவாவில் காபி பயிரிட்டார்கள். 1720-களில் ஆம்ஸ்டர்டாம் சந்தை ஜாவா காபியின் வசமானது. 1839-இல் ஆங்கிலேயர் ஏடனைப் பிடித்தபின், மிச்சமிருந்த வணிகமும் அங்கே போய்விட்டது. மோக்கா ஊர் நொடித்துப்போனது, பெயருக்கு மட்டும் மவுசு குறையவில்லை. நல்ல காபி என்றாலே மோக்கா என்றார்கள்.

பிரான்சின் மோக்கா கேக்கில் இருப்பது காபி மணக்கும் வெண்ணெய்க் கிரீம். 1933-இல் இத்தாலியில் பியாலெட்டி கொண்டுவந்த அலுமினியப் பாத்திரத்துக்கும் மோக்கா என்றே பெயர். அடித்தட்டில் நீராவி அழுத்த, வெந்நீர் காபித்தூள் வழியாக மேலேறும். இரண்டிலும் சாக்லேட்டுக்கு வேலையே இல்லை.

பிறகு எப்படி அது வந்தது? தோலோடு உலர்த்திய ஏமன் கொட்டையில் இயல்பாகவே லேசான சாக்லேட் வாசம் உண்டு. அந்த ருசியை நாடியவர்கள் வேறு காபியில் சாக்லேட்டைக் கலந்தார்கள் என்பது பலர் தரும் விளக்கம். எனக்கும் அது பொருத்தமாகவே படுகிறது. 20-ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் கடைகள் வழியே மோக்கா என்றால் சாக்லேட் கலந்த காபி என்ற பொருள் உலகெங்கும் நிலைத்தது.

இப்போது ஹராஸ் காபி அந்தப் பெயரிலேயே விற்பனைக்கு வருகிறது. கிடைத்தால் பாலும் சர்க்கரையும் சேர்க்காமல் ஒருமுறை குடித்துப் பாருங்கள்.