பூட்டியவர் போய்விட்டார், ஃபைல் யாருடையது?

பல வருடக் கணக்கு ஒரே ஃபைலில் கிடக்கும். யார் எவ்வளவு பாக்கி, அவர்கள் போன் நம்பர், முகவரி எல்லாம் மைக்ரோசாஃப்ட் அக்சஸில். கணக்கெழுதியவர் வேலையை விட்டுப் போன மறுநாள் திறந்தால், ஒரு சின்னப் பெட்டி பாஸ்வேர்ட் கேட்டு நிற்கும். பதற்றத்தில் முதலாளி, இணையத்தில் முதலில் கண்ணில் படும் 'அன்லாக்' தளத்தில் ஃபைலை ஏற்றிவிடுகிறார். தவறு இங்கேதான். முகம் தெரியாத ஒருவன் கையில் அவர் கொடுத்தது தன் கணக்கை மட்டுமா? தன்னை நம்பிய அத்தனை குடும்பங்களின் விவரத்தையும்தான்.

முதலில் ஃபைல் பெயரின் வாலைப் பாருங்கள். எம்.டி.பி. என்று முடிந்தால் அது பழைய வகை. பாஸ்வேர்ட் அந்த ஃபைலின் தலைப்பகுதியிலேயே லேசாக மறைத்து வைக்கப்பட்டிருக்கும்; விவரம் தெரிந்த டெக்னீஷியன் உங்கள் கண்ணெதிரிலேயே எடுத்துத் தந்துவிடுவார். திருடனுக்கும் அது அவ்வளவு சுலபம். ஆகவே அந்தப் பூட்டை நம்பி இனியும் இருக்காதீர்கள்.

ஏ.சி.சி.டி.பி. என்றால் கதை வேறு. 2007 அக்சஸோடு வந்த இந்த வகையில், பாஸ்வேர்ட் போட்டால் உள்ளிருக்கும் தகவலே குறியாக்கம் ஆகிவிடும். மறந்தால் மைக்ரோசாஃப்ட்டும் மீட்டுத் தராது. 'நூறு சதவீதம் உத்தரவாதம்' என்று முன்பணம் கேட்பவரிடம் ஏமாறாதீர்கள். பூட்டுவதற்கு முன் எடுத்த பேக்கப்பைத் தேடுங்கள். இதோடு இணைத்த வேறு அக்சஸ் ஃபைல் இருந்தால், அதற்குள் பாஸ்வேர்ட் பதிந்திருக்கவும் வாய்ப்புண்டு.

பாஸ்வேர்ட் தெரிந்தால் வேலை எளிது. ஒரு பிரதி எடுத்துக்கொண்டு, 'ஓப்பன் எக்ஸ்க்ளூசிவ்' முறையில் திறந்து, 'இன்ஃபோ' பக்கத்தில் 'டீக்ரிப்ட் டேட்டாபேஸ்' கொடுங்கள். வழக்கம்போல டபுள் கிளிக் செய்து திறந்தால் இது நடக்காது.

நிறுவனத்தின் ஃபைலைத் திறக்கவிடாமல் தடுக்க, விலகிப் போனவருக்கு உரிமையில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000இன் 43ஆவது பிரிவின்படி, அனுமதி பெற்றவருக்கு அணுகலை மறுப்பதற்கு இழப்பீடு கோரலாம். அதை நேர்மையற்ற அல்லது மோசடி நோக்கத்தோடு செய்திருந்தால் 66ஆவது பிரிவு: 3 ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அடுத்தவர் ஃபைலை அனுமதியின்றித் திறப்பவருக்கும் இதே சட்டம்தான்.

மீட்டுத் தருவதாகச் சொன்னவரிடம் பணம் போயிருந்தால், தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள்.